வியாழக்கிழமையே அடித்த தீர்மானங்கள்

வெள்ளிக்கிழமை போர்டு மீட்டிங் என்றால், அந்த மீட்டிங்கில் என்ன முடிவானது என்பதை நான் வியாழக்கிழமை சாயங்காலமே டைப் அடித்து முடித்துவிடுவேன். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை மணிக்கு நன்றி கூறிக் கலைந்தார்கள் என்பது உட்பட. ஒரு தடவைகூட நான் அடித்தது மாறிப் போனதில்லை. இதை என் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். "உங்க ஆபீஸ்ல நேத்து நடந்ததே இன்னிக்குத் தெரியாது. எங்க ஆபீஸ்ல நாளைக்கு நடக்கப் போறதே எனக்குத் தெரியும்" என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டது நினைவிருக்கிறது. இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

எழுபதுகளின் கடைசியில் திருப்பத்தூரில் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்த கம்பெனி அது. பெரிய கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நீளமான கொட்டகை, கொட்டை எடுத்த புளியை அழுத்திக் கட்டியாக்குகிற இரண்டு பிரஸ், ஒரு குடோன், முன்பக்கம் ஆபீஸ் அறை. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் விளைகிற புளியை, நடுவில் தரகர் இல்லாமல் மலைக்காரர்களிடமே நேராக வாங்கி, சுத்தம் செய்து, கட்டிப் போட்டு வெளியூருக்கு அனுப்புவது தொழில். அளவில் சின்னதுதான் என்றாலும் முறைப்படி பதிவான பப்ளிக் லிமிடெட் கம்பெனி. பங்குகளில் ஒரு பகுதி மலைக் குடும்பங்களிடம் இருந்தது. ஆட்டை விற்றும் சாமையை விற்றும் வாங்கிய பங்குகள். பங்குப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த வீடுகளைப் பின்னால் நானே பார்த்தேன்.

ஆரம்பித்தவர் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர். நான் சேருவதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். அவர் காலத்து மினிட்ஸ் புத்தகம் பீரோவில் இருந்தது. எல்லாம் தமிழில், அவர் கையெழுத்தில். போர்டு கூட்டத்தையே மலையில், பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் நடத்தியிருக்கிறார். ஒவ்வொரு தீர்மானத்துக்குக் கீழும், "இன்னார் எழுந்து சம்மதித்தார்" என்று ஆளுக்கு ஒரு வரி. சிலவற்றின் கீழே மட்டும், "ஒருவர் எழவில்லை, ஒத்திவைக்கப்பட்டது" என்று இருக்கும். வாத்தியார் புத்தி எங்கே போகும், டைரக்டர்களையும் பெஞ்சு மேல் ஏற்றாத குறைதான் என்று சிரித்துவிட்டு மூடி வைத்தேன். ஆனால் அந்த வருஷங்களில் சீசனுக்குச் சீசன் குடோன் கூரை முட்ட மூட்டை இருந்திருக்கிறது. பங்குதாரர்களுக்கு லாபமும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவருக்குப் பிறகு சேர்மன் ஆனவர் ஊரில் மண்டி வைத்திருந்த குடும்பத்துக்காரர். சலவைச் சட்டை, மெல்லிய குரல். பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். அவரை வில்லனாக வரைய எனக்கு இஷ்டமில்லை, அப்படி வரைந்தால் நான் சுலபமாகத் தப்பித்துக்கொள்வேன். கூட்டத்தை மலையிலிருந்து திருப்பத்தூருக்கு இறக்கினார். ஆடிட்டருக்கு வசதி என்று மினிட்ஸை இங்கிலீஷுக்கு மாற்றினார். பங்குதாரர்களின் வருஷக் கூட்டத்தை மலையில் விதைப்பு நடக்கிற வாரத்தில் வைத்தார், அதனால் யாரும் வரவில்லை. டைரக்டர்கள் ஐந்து பேர்: அவர், அவர் தம்பி, அவர் மைத்துனர், மைத்துனரின் கூட்டாளியான ஒரு ரைஸ்மில்காரர், மலை சார்பில் ஒருவர்.

அந்த மலை டைரக்டரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயது இருக்கும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். வெடவெடவென்று உயரம். விடிகாலையில் கிளம்பி ஜீப்பிலோ, ஜீப் இல்லாவிட்டால் நடந்தோ இறங்கி, மற்ற நால்வரும் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். ஹெட்மாஸ்டரோடு வீடு வீடாகப் போய்ப் பங்கு சேர்த்தது இவர்தான். ஒருநாள் நான் கேட்காமலே சொன்னார்.

"எம் பேச்ச நம்பித்தான் குடுத்தாங்க ஆபீஸம்மா. ஆட்ட வித்தவன் இருக்கான், பொண்டாட்டி காதுத் தோட்ட வித்தவன் இருக்கான். இது கவுந்துச்சின்னா நான் ஊர்ல தலகாட்ட முடியாது."

"அதெல்லாம் கவுறாதுங்க" என்றேன். என்னவோ நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது போல.

மீட்டிங்கில் அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஆஜர் புத்தகத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுவார். டீ குடிப்பார். சேர்மன் ஒவ்வொரு விஷயமாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கவனமாகக் கேட்பார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். "யாருக்காவது ஆட்சேபணை இருக்குங்களா?" என்று சேர்மன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். இவர் பேச மாட்டார். முடிந்தது. எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு தூரம் வந்து பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போகிறாரே, இவரால் யாருக்கு என்ன பிரயோஜனம்? வியாழக்கிழமை அடித்த காகிதத்தில், 'ஏகமனதாக நிறைவேறியது' என்பதற்கான இங்கிலீஷ் வாக்கியத்தைச் சரிபார்த்து, ஓரத்தில் என் இனிஷியலைப் போட்டு, புத்தகத்தில் ஒட்டிவிடுவேன். முந்தின கூட்டத்தின் மினிட்ஸ் படிக்கப்பட்டு உறுதி செய்யப்பட்டது என்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி அடிப்பேன். அதை யாரும் படித்ததில்லை.

என்னென்ன தீர்மானங்கள் என்று சொல்கிறேன். மலையிலிருந்து மூட்டை இறக்குகிற வேலை சேர்மன் தம்பியின் லாரிக்கு மட்டும் என்று ஒன்று. மலை ஊர்களில், ஜனங்கள் கண் முன்னால் வைத்து எடை போட்டுக்கொண்டிருந்த தராசுகளை எடுத்துவிட்டு, இனிமேல் திருப்பத்தூர் குடோனில்தான் எடை என்று ஒன்று. புது குடோனைச் சேர்மன் மைத்துனரின் இடத்தில் வாடகைக்கு எடுப்பது என்று ஒன்று. மூன்று வருஷத்தில் இப்படி ஒரு டஜன். எல்லாம் ஏகமனதாக.

மூன்றாவது வருஷம் புளி சீசன் வந்தது. மூட்டை வரவில்லை.

மாசி போயிற்று, பங்குனியும் பாதி போயிற்று. லாரி மலை ஏறி, வெறும் வண்டியாகக் குலுங்கிக்கொண்டு இறங்கி வந்தது. பிரஸ்காரர்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஊர்ச் சந்தையில் புதூர்நாட்டுப் புளி மலிந்து கிடந்தது. நானே வீட்டுக்கு வாங்கினேன், அந்தச் செக்கச் செவேல் என்ற நிறத்தைப் பார்த்தாலே தெரியும். அதே மலை, அதே ஜனங்கள், அவர்களே பங்குதாரர்கள், சரக்கு மட்டும் கம்பெனிக்கு இல்லை. சேர்மன் முதன்முறையாகக் குரலை உயர்த்தியதை அப்போதுதான் கேட்டேன்.

"சொந்தக் கம்பெனிக்கே துரோகம் பண்றாங்கம்மா. அவங்க ஆளு உக்காந்து எல்லாத்துக்கும் சரின்னுட்டுத்தானே போனாரு? நீங்க மினிட்ஸ் புக்க எடுத்துக்கிட்டு மேல போங்க. ஒண்ணு விடாமத் தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. அதுக்கப்பறம் என்ன பேசறாங்கன்னு பாப்போம்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினேன். வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மேலே பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பொம்பளைகள் ஒரு பக்கம், ஆம்பளைகள் ஒரு பக்கம். எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல். மலை டைரக்டர் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நல்லபடியாக ஏதோ சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

படித்தேன். லாரித் தீர்மானம், ஏகமனதாக நிறைவேறியது. தராசுத் தீர்மானம், ஏகமனதாக. வாடகைத் தீர்மானம் வந்தபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இரும்மா" என்று ஒரு ஆள் என்னை நிறுத்தினார். "ஏகமனதான்னா யாரு யாரு ஒத்துக்கினாங்க?"

"அஞ்சு பேரும்தாங்க. உங்க டைரக்டரும் சேத்துத்தான்."

மலை டைரக்டரின் முகம் செத்துப் போனதைப் பார்த்தேன். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கையூன்றி முன்னால் வந்தார்.

"நானா? நான் எப்பம்மா ஒத்துக்கினேன்?"

"எல்லா மீட்டிங்லயும்தான். நீங்க ஒண்ணுத்துக்கும் வேணாம்னு சொல்லலியே."

"நான் என்னிக்காவது எழுந்து நின்னேனா?"

"எதுக்கு எழுந்து நிக்கணும்?" என்று கேட்டேன். சத்தியமாகப் புரியாமல்தான் கேட்டேன். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சோறு எதற்குத் தின்ன வேண்டும் என்று கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியமாக அவர்கள் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். அவர்கள் ஊரில் கூட்டம் என்றால், ஒருவன் கொண்டுவந்த விஷயத்துக்கு அவன் முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று யாரும் சொல்வதில்லை. அது அவனைக் கூட்டத்தில் வைத்து அறைவதற்குச் சமம். சம்மதிக்கிறவன் எழுந்து நின்று, 'ஆவட்டும்' என்பான். சம்மதமில்லாதவன் பேசாமல் உட்கார்ந்திருப்பான். ஒரே ஒருவன் உட்கார்ந்திருந்தாலும் அந்த விஷயம் அன்றைக்கு நடக்காது. கொண்டுவந்தவன் அதைத் திருத்தி எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டும். அதையும் மீறி ஒருவன் செய்துவிட்டால் சண்டைக்குப் போக மாட்டார்கள். அவனோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மூன்று வருஷமாக அந்த மனிதர் என் கண்ணெதிரே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையான முறையில், ஒவ்வொரு தீர்மானத்தையும் மறுத்திருக்கிறார். நான் அத்தனை மறுப்பையும் சம்மதம் என்று டைப் அடித்திருக்கிறேன். அவர் ஒவ்வொரு தடவையும் மலை ஏறி, "நான் எழுந்திரிக்கல, அது நடக்காது" என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு லாரி வந்தது, தராசு போயிற்று. கம்பெனி தன் போர்டு முடிவையே மீறிவிட்டது என்று ஊர் நினைத்தது. அதனால் கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. பீரோவில் இருந்த பழைய புத்தகம், நான் சிரித்துக்கொண்டே மூடிய அந்தப் பக்கங்கள், அப்போதுதான் எனக்குத் தமிழாகவே புரிந்தன.

ஆனால் ஊருக்கு என் தவிப்பு முக்கியமில்லை. அவர்களுக்கு வேறு கேள்வி. கம்பெனிப் புத்தகம் இவன் ஒத்துக்கொண்டான் என்கிறது, இவன் இல்லை என்கிறான், யார் பொய்? ஆட்டை விற்றவர்களும் தோட்டை விற்றவர்களும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரோ என்னைப் பார்த்தார். பொம்பளைகள் பக்கத்திலிருந்து என் வயதுக்காரி ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, நீ அங்கதான் இருந்தியா?"

"இருந்தேன்."

"அந்தப் புஸ்தகம் கெடக்கட்டும். நீ பாத்தத சொல்லு. அவரு எழுந்தாரா?"

அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொன்னால், புத்தகத்தில் இருக்கிற அத்தனை பக்கமும் பொய். அத்தனை பக்கத்தின் ஓரத்திலும் என் இனிஷியல். இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"இல்ல. ஒரு நாளும் எழுந்திரிக்கல" என்றேன்.

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் அவர் தோளைத் தட்டினார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமாக ஒரு ஊர் என் பேச்சை நம்பும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குச் சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிடும்போதுதான் அந்தப் பொம்பளை, "அப்ப புஸ்தகத்துல எப்படி அப்படி ஏறிச்சி?" என்று கேட்டாள். முதல்நாளே டைப் அடித்துவிடுவோம் என்று சொன்னேன்.

"கூட்டத்துக்கு முன்னயே எழுதிட்டா, அப்பறம் கூட்டம் இன்னாத்துக்கு?"

பின்னாளில் கம்பெனிச் சட்டம், நிர்வாகம் என்று எத்தனையோ படித்தேன். அதற்கான பரீட்சைகூட எழுதிப் பாஸ் பண்ணினேன். இதை விடச் சுருக்கமாக யாரும் அந்த விஷயத்தைக் கேட்டதில்லை.

ஜீப்பில் என்னை ஏற்றிவிட மலை டைரக்டர் வந்தார். "கீழ கூட்டத்துல வேணாம்னா எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டார்.

"வாயத் தொறந்து சொல்லணுங்க. நான் ஒத்துக்கல, அத எழுதிக்கங்கன்னு சொல்லணும்."

"மூஞ்சிக்கு நேராவா?"

"ஆமாங்க. அங்க அது தப்பில்ல."

அவருக்கு அது கசந்தது என்பது தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினார். எனக்கோ வழியெல்லாம் ஒரே நிம்மதி. ஊர் வழக்கம் தெரியாமல் வந்த குழப்பம்தானே, அடுத்த கூட்டத்தில் அவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கீழே வந்து சேர்மனிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. மேஜை மேலிருந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து இரண்டு பக்கம் புரட்டினார்.

"வெளிய இந்தப் பேச்சு போனா, டைப் பண்ணவங்களையும்தான் கேப்பாங்கம்மா. உங்க இனிஷியல் இருக்கு பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை.

அடுத்த மாதமே பெரிய தீர்மானம் வந்தது. கம்பெனியின் நிலம், கொட்டகை, பிரஸ் எல்லாவற்றையும் பாங்கில் அடமானம் வைப்பது, வருகிற பணத்தைச் சேர்மன் தம்பி தொடங்கப் போகிற எண்ணெய் மில்லில் போடுவது. பாங்கிலிருந்து ஒரு அதிகாரி வந்து மதிப்புப் போட்டார். டேப் பிடித்துக் கொட்டகையை அளந்தார், பிரஸ்ஸைத் தட்டிப் பார்த்தார், நாற்காலிகளைக்கூட எண்ணினார். சரக்கு வராவிட்டால் இந்தப் பிரஸ்ஸுக்கு என்ன மதிப்பு சார் என்று கேட்டுவிட்டேன். "அதெல்லாம் ஃபாரத்துல இல்லம்மா" என்று சிரித்தார். இந்தக் கம்பெனியிடம் உண்மையிலேயே மதிப்புள்ளதாக இருந்தது ஒன்றுதான்: மலை ஜனங்கள் தங்கள் மூட்டையைத் தரகனிடம் கொண்டுபோகாமல் இங்கே கொண்டுவந்தார்கள். அது போன பிறகு மிச்சம் இருந்தது வெறும் தகரமும் இரும்பும்தான். எனக்குத் தெரிந்த இந்த விஷயம் அளக்க வந்தவருக்கும் தெரியவில்லை, கடன் கொடுத்தவருக்கும் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு நான் வியாழக்கிழமை எதையும் அடிக்கவில்லை. "ஏம்மா, ஆச்சா?" என்று சேர்மன் கேட்டபோது, ரிப்பன் மாத்தணும் சார் என்று சொல்லிச் சமாளித்தேன். என் வீரமெல்லாம் அவ்வளவுதான்.

மலை டைரக்டர் வந்தார். கையெழுத்துப் போட்டார். டீயைத் தொடவில்லை. சேர்மன் தீர்மானத்தை விளக்கிவிட்டு வழக்கம்போல, "யாருக்காவது ஆட்சேபணை இருக்குங்களா?" என்று ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எனக்கு இருக்குதுங்க."

நால்வரும் திரும்பினார்கள். அவர் இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இது வேணாங்க. நான் ஒத்துக்கல. அத எழுதிக்கங்க."

"எழுந்து நின்னு பேசுப்பா" என்றார் சேர்மனின் தம்பி.

"நிக்க மாட்டேங்க. உக்காந்துதான் சொல்லுவேன்."

எனக்குப் புல்லரித்தது. அந்த மனிதர் தன் ஊரில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்கிறார், அதிலும் எழாமல் செய்கிறார். என்னவோ உலகமே இப்போது நின்றுவிடப் போகிறது என்று பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சேர்மன் புன்னகை மாறாமல் தலையாட்டினார்.

"தாராளமா. உங்க கருத்த நாங்க மதிக்கிறோம். ஏம்மா, பதிவு பண்ணிக்கங்க. ஒருத்தர் எதிர்ப்பு. நாலு பேர் ஆதரவு. தீர்மானம் நிறைவேறியது. அடுத்தது?"

முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ரைஸ்மில்காரர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

கூட்டம் கலைந்து எல்லோரும் போன பிறகு அவர் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் குழப்பம்தான் இருந்தது, கோபம் இன்னும் வந்து சேரவில்லை.

"நான் சொன்னத எழுதினியாம்மா?"

"எழுதிட்டேங்க. அப்படியே எழுதிட்டேன்."

"அப்பறம் எப்படி நடந்துச்சி?"

நாலு பேர் ஒரு பக்கம், நீங்கள் ஒருத்தர் ஒரு பக்கம், சட்டப்படி பெரும்பான்மை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அசிங்கமாகக் கேட்டது. வாயைத் திறந்து சொல்லாததுதான் குறை என்று நான்தானே இவரை நம்ப வைத்தேன்? திறந்தும் ஒன்றும் ஆகவில்லை. இவர் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதியது ஒரு மோசடி என்றால், பேச்சை மரியாதையாகப் பதிவு செய்து ஓரமாக வைத்தது அதைவிடச் சுத்தமான மோசடி. அதில் சட்டப்படி ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

அதற்கு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் இப்ப ஊருக்குப் போய் இன்னாம்மா சொல்லுவேன்? வேணாம்னு வாய்விட்டே சொன்னேன், அப்பவும் நடந்துச்சின்னு சொன்னா எவன் நம்புவான்? எங்க ஊர்ல அப்படி ஒண்ணு நடக்கவே நடக்காது. நான் எழுந்துட்டேன்னுதான் நெனப்பாங்க. பணம் வாங்கினு எழுந்துட்டான்னுவாங்க."

அவர் சொல்வது சரி. ஒருவன் மறுத்த காரியம் நடக்கும் என்பதையே அறியாத ஊரில், காரியம் நடந்துவிட்டது என்றால் அவன் மறுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

"நீ ஒரு தடவ மேல வாம்மா. அன்னிக்கு சொன்னா மாதிரி சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

நான் ஒரு முழுத்தாள் எடுத்து, தமிழில், என் கையாலேயே எழுதினேன். இன்ன தேதிக் கூட்டத்தில் இவர் உட்கார்ந்தபடியே எதிர்ப்புத் தெரிவித்தார், எழவில்லை, மற்ற நால்வர் ஆதரவால் தீர்மானம் நிறைவேறியது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"காயிதத்த யாரும்மா கேப்பாங்க? போன தடவ காயிதத்தயா கேட்டாங்க? நீ வந்து வாயால சொல்லணும்."

"வர்றேங்க. சனிக்கிழமை ஜீப்ல வர்றேன்" என்றேன்.

சனிக்கிழமை காலையில் சேலை கட்டி, பையை எடுத்து வைத்தேன். உங்க இனிஷியல் இருக்கு பாருங்க என்ற சேர்மனின் குரல் காதிலேயே இருந்தது. வீட்டுக்காரருக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த சனிக்கிழமை போகலாம் என்று பையை இறக்கி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை பையையே எடுக்கவில்லை.

மலையில் நடந்ததை ஜீப் டிரைவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஊர் கூடியிருக்கிறது. எழுந்தியா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறார். அப்புறம் எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறார்கள். நாலுக்கு ஒன்று என்று நான் சொன்ன கணக்கை அவர் சொல்ல, கூட்டத்தில் சிரித்திருக்கிறார்கள். காகிதத்தை நீட்டியிருக்கிறார், யாரும் கை நீட்டி வாங்கவில்லை. ஆபீஸம்மா வந்து சொல்வாள் என்றிருக்கிறார். சரி, அவள் வரட்டும் என்று ஊர் இரண்டு வாரம் கூட்டத்தை ஒத்திவைத்திருக்கிறது. எனக்காக.

இரண்டு வருஷத்துக்குள் கொட்டகையையும் பிரஸ்ஸையும் பாங்க் எடுத்துக்கொண்டது. எண்ணெய் மில் ஓடியது, அது வேறு பெயரில் இருந்ததால் பாங்க் அதைத் தொடவில்லை. மலைக்காரர்களின் பங்கு வெறும் காகிதமானது. அதற்கு வெகுநாள் முன்னாலேயே மலை டைரக்டர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமிர்திப் பக்கம் ஃபாரஸ்ட் கூலி வேலைக்குப் போய்விட்டார். தன் நிலத்தையும் புளிய மரங்களையும் விட்டுவிட்டு, பிறந்த ஊரை விட்டு.

அந்த ஊர் என்னை ஒரே ஒரு தடவை கேள்வி கேட்டது, நான் சொன்ன பதிலை அப்படியே நம்பியது. இரண்டாவது தடவை கேட்பதற்காக இரண்டு வாரம் காத்திருந்தது. நான் போகவில்லை.